பஜ்ஜிச் சட்டி சொல்லும் வரலாறு

மாலை வேளையில் தருமபுரித் தேநீர்க் கடை ஒன்றின் முன் சற்று நில்லுங்கள். கடலைமாவில் தோய்த்த வாழைக்காய்த் துண்டு எண்ணெயில் விழுந்ததும் 'சொய்' என்று பொங்குகிறதல்லவா? அங்கே கொதிப்பது எண்ணெயன்று. மாவிலும் காயிலும் உள்ள நீர்தான். எண்ணெயின் வெப்பநிலை ஏறத்தாழ 175 டிகிரி செல்சியஸ். நீரோ 100 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். வெளியேறும் ஆவி எண்ணெயை உள்ளே புகவிடுவதில்லை. பஜ்ஜியை வெளியே எடுத்து, அது ஆறத் தொடங்கும்போதுதான் மேலே ஒட்டிய எண்ணெய் பெருமளவு உள்ளே இழுக்கப்படுகிறது. ஆகவே, எடுத்தவுடன் நன்றாக வடியவிட வேண்டும்.

இந்தச் சட்டிக்கு நெடிய வரலாறு உண்டு. கொண்டைக்கடலை, வாழை, எள் ஆகியவை நமக்குப் பழையவை. மிளகாயும் உருளைக்கிழங்கும் கொலம்பஸின் 1492ஆம் ஆண்டுப் பயணத்திற்குப் பிறகே அமெரிக்கக் கண்டத்திலிருந்து புறப்பட்டு வந்தவை. நம் மானாவாரிக் காடுகளில் விளையும் நிலக்கடலையின் தாயகமும் தென் அமெரிக்காதான்!

1902ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலறிஞர் வில்ஹெல்ம் நார்மன், நிக்கலை வினையூக்கியாகக் கொண்டு எண்ணெயில் ஹைட்ரஜனைச் சேர்த்து அதைக் கெட்டிப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1937இல் 'டால்டா' இந்தியச் சந்தைக்கு வந்தது. நெய்யைவிட மலிவு, எளிதில் கெடாது. ஏழை வீட்டுப் பலகாரத்திற்கும் அது கைகொடுத்தது. ஆனால், அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றும்போது வளைந்திருந்த கொழுப்பமிலச் சங்கிலிகள் சில நிமிர்ந்து 'டிரான்ஸ்' கொழுப்பாகின்றன. இது இரத்தத்தில் தீய கொலஸ்டிராலைக் கூட்டி, நல்லதைக் குறைக்கிறது என்பதை 1990இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினர். இந்தியாவில் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் இதன் அளவு 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது சட்டம்.

சிக்கல் அத்துடன் தீர்ந்ததா? இல்லை. எந்த எண்ணெயானாலும் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் காற்றிலுள்ள ஆக்சிஜனுடனும் காயின் நீருடனும் வினைபுரிந்து சிதைகிறது. கறுத்து, பிசுபிசுத்து, நுரைக்கிறது. இவ்வாறு உண்டாகும் 'முனைவுச் சேர்மங்கள்' 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயை 2018 ஜூலை முதல் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது. எண்ணெயைக் கொட்டினால் கடைக்காரருக்கு நட்டம். கொட்டாவிட்டால் அன்றாடம் அங்கே பசியாறும் கூலித் தொழிலாளிக்கு நட்டம். பழைய எண்ணெயை விலைகொடுத்து வாங்கி பயோடீசலாக்கும் ஏற்பாடு பரவுவது இருவருக்கும் நல்லது.

பஜ்ஜியே வேண்டாம் என்கிறேனா? இல்லை, நண்பர்களே. கடலைமாவில் புரதம் உண்டு. ஆனால் ஒரு கிராம் புரதமோ மாவுச்சத்தோ 4 கலோரி தர, ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரி தருகிறது. அதே கொண்டைக்கடலையைச் சுண்டலாக உண்டால் புரதம் கிடைக்கும். எண்ணெய்ச் சுமை இராது. அடுத்த முறை பஜ்ஜி வாங்குமுன் சட்டியை ஒருமுறை எட்டிப் பாருங்கள். எண்ணெயின் நிறமே உங்களுக்கு விடை சொல்லிவிடும்.