முதுகண்ணும் புணையும்: பெண்டிர் தொழிற்கடன் வரலாறு

பெண்டிர் தாமே நடத்தும் தொழில்களுக்குப் பொருளுதவி தேடுதல் பற்றி இக்காலத்தில் எழுதப்படுவன பெரும்பாலும் வட்டி வீதத்தையும் மானியத் தொகையையுமே பேசுகின்றன. அவை வேண்டற்பாலனவே. ஆயினும் கடன் கொடுப்போர் எக்காலத்தும் முதற்கண் வினவியது, ‘உனக்குப் புணை யார்?’ என்பதாகும். ஆடவனை நோக்கி இவ்வினா எழுந்தபோது அவனுடைய நிலமோ வாணிகப் பெயரோ விடையாயிற்று. பெண்ணை நோக்கி எழுந்தபோது வேறொருவர் வந்து விடை கூறவேண்டியிருந்தது. அவ்வேறொருவர் யார், அவர் எப்பொழுது மாறினார் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

பெண்டிர்க்கு முதலீட்டு அறிவு பிற்காலத்தே கற்பிக்கப்பட்டது என்று கருதுவார் உளர். பெரும்பாணாற்றுப்படை காட்டும் ஆய்மகளை அவர்கள் மறந்தனர் போலும். அவள் மோர் விற்றுத் தவசம் பெற்றுச் சுற்றத்தை ஊட்டுகின்றாள். நெய்யின் விலையாகப் பொன் தரினும் கொள்ளாது எருமையும் நல்லாவும் நாகும் பெறுகின்றாள். மோரின் வருவாய் அன்றாட உணவுக்கும் நெய்யின் வருவாய் தொழில்முதலைப் பெருக்குதற்கும் எனப் பகுத்து வைத்த அவளுடைய கணக்கு, இன்றைய வங்கி மேலாளர் எவரும் மெச்சத்தக்கது. ஆனால் அவள் யாரிடமும் கடன் கேட்கவில்லை. மந்தையே அவளுக்கு முதல், மந்தையே வளர்ச்சியும்.

சோழர் காலத்துக்கு வருவோமாயின் பெண்டிரைப் பொருள் கொடுப்போராகவே பெரிதும் காண்கின்றோம். தஞ்சைப் பெரியகோயிலில் முதல் இராசராசனின் தமக்கையாராகிய குந்தவைப் பிராட்டியார் எழுந்தருளுவித்த திருமேனிகளின் வழிபாட்டுக்கு அளித்த காசு, ஊர்ச்சபையாரிடம் பொலிசைக்கு விடப்பட்டது. முதல் அழியாது நிற்க, ஆண்டுதோறும் காசு ஒன்றுக்கு முக்குறுணி நெல்லோ, அரைக்கால் காசோ பொலிசையாகச் செலுத்தப்பட்டதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு, நூற்றுக்குப் பன்னிரண்டரை. ஒரு பெண்ணின் பொருளைப் பெற்றுக் கடனாளியாக நின்றது ஆடவர் கூடிய சபை என்பது மனங்கொள்ளத்தக்கது. இதனை நோக்கிப் பண்டைக் காலத்தில் பெண்டிர் பொருளுரிமையில் குறைவின்றி விளங்கினர் என்று முடிவு கட்டுவது எளிது. அம்முடிவை ஏற்பதற்கில்லை. கொடுக்கும் கையைத் தடுப்பார் இலர். கொள்ளவும் விற்கவும் நீளும் கையே ஐயுறப்பட்டது.

இவ்வையத்தைப் புலப்படுத்தும் சொல்லே ‘முதுகண்’ என்பது. பெண்ணொருத்தி நிலம் விற்கும் ஆவணங்கள் சிலவற்றில், அவள் பெயரை அடுத்து அவளுக்கு முதுகணாக நின்ற ஆடவன் பெயரும் குறிக்கப்படுகின்றது. அவன் கணவனாகவோ மகனாகவோ உடன்பிறந்தானாகவோ பிற உறவினனாகவோ இருப்பான். ‘கண்’ என்பது ‘களைகண்’ என்புழிப்போலப் பற்றுக்கோடு என்னும் பொருளில் வந்ததாகக் கொள்ளலாம் என்பது எம் கருத்து. எல்லாப் பெண்டிருக்கும் முதுகண் கூறப்படவில்லை. அரசமாதேவியரும் தளிச்சேரிப் பெண்டிரும் தாமே நின்று கொடையளித்த கல்வெட்டுகள் பலவுள. எனவே பெண்ணுக்குப் பொருளுரிமையே இல்லை என்பதும் தவறு; இருந்த உரிமை தனித்து நின்று செல்லுபடியாயிற்று என்பதும் தவறு. உடைமை அவளுடையது, அதற்குரிய சொல் மற்றொருவனுடையது. இந்நிலை நெடுங்காலம் வேறு வேறு பெயர்களில் நீடித்தது.

ஆங்கிலேயர் ஆட்சியின் இறுதியில், 1937 ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக் கைம்பெண்டிருக்குக் கணவன் சொத்தில் பங்கு அளித்தது. அளித்த பங்கோ வாழ்நாள் அளவும் துய்த்தற்கு மட்டும் உரியது. சட்டம் ஒப்பிய தேவைக்கன்றி அதனை விற்கவோ ஒற்றி வைக்கவோ இயலாது. ஒற்றிக்கு உதவாத நிலத்தைக் கடன் கொடுப்போர் ஈடாக மதியார். 1956 ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14 ஆம் பிரிவே இவ்வரையறுத்த உடைமையை முழுவுடைமையாக்கிற்று. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் உரிமை என்பதைத் தமிழ்நாடு 1989 ஆம் ஆண்டிலும், நடுவண் அரசு 2005 ஆம் ஆண்டிலும் ஏற்றன. இச்சட்டங்களைப் பெண்ணுரிமை வரலாற்றில் வைத்துப் பேசும் நம் நூல்கள், கடன் வரலாற்றில் வைத்துப் பேசுவதில்லை. ஈடாகக் காட்டத்தக்க சொத்து பெண்ணுக்கு எப்போது வந்தது என்பதைத் தெரிவிக்கும் ஆண்டுகளும் இவையே.

நிலம் இல்லாத இடத்தில் நகையே ஈடாயிற்று. சட்டத்தின் துணை வேண்டாது, முதுகணின் கையெழுத்தும் வேண்டாது பெண் தானே எடுத்துச் செல்லத்தக்க ஈடு அது ஒன்றே. ஆனால் அடகுக்கடைக்குச் சென்ற நகை தொழிலுக்காகச் சென்றது அருகியே. மருத்துவம், கல்வி, திருமணம், விதைநெல் என்று குடும்பத்தின் தேவைகளே அதனை முன்னர்க் கொண்டன. நகையும் இல்லாதவள், தெருவோரத்தில் காய்கனி விற்பவள், காலையில் கடன் பெற்று மாலையில் வட்டியோடு திருப்பினாள். 2003 ஆம் ஆண்டில் தமிழ்நாடு இயற்றிய கடுவட்டித் தடைச் சட்டம் நாள்வட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்னும் வழக்குகளைத் தனித்தனியே பெயர் சுட்டி வரையறுக்கின்றது. வறுமை தன் கடனுக்கு வைத்துக்கொண்ட இத்துணைப் பெயர்களும் சட்டநூலில் ஏறியமை அகராதி தொகுப்போரும் கருத வேண்டிய செய்தி.

1969 ஆம் ஆண்டில் 14 பெருவங்கிகள் நாட்டுடைமையாயின. 1972 ஆம் ஆண்டில் ஏழையர்க்கு நூற்றுக்கு நான்கு வட்டியில் கடன் வழங்கும் திட்டமும் வந்தது. வட்டி இவ்வளவு குறைந்த பின்னும் கூடைக்காரப் பெண் வங்கியின் வாயிலைத் தாண்டவில்லை என்பதே எம் கருத்துக்குச் சான்று. தடையாக நின்றது வட்டி ஆயின் அது அன்றே நீங்கியிருக்க வேண்டும். இத்தடையை முதலில் நேர்நின்று உடைத்தவர்கள் குசராத்து மாநிலத்து ஆமதாபாத்துப் பெண்டிராவர். பின்னர்ச் சென்னையில் நிகழ்ந்ததை உணர்தற்கும் துணையாதலின் அதனைச் சற்று விரித்துக் கூறுவோம்.

எலா பட் அம்மையார் 1972 ஆம் ஆண்டில் ஆங்கே தொடங்கிய ‘சேவா’ என்னும் சங்கம், பழந்துணி விற்போர், காய்கறி விற்போர், தலைச்சுமை தூக்குவோர், கைவண்டி இழுப்போர் ஆகியோரை உறுப்பினராகக் கொண்டது. சங்கம் முதலில் நாட்டுடைமை வங்கிகளுக்கும் இவர்களுக்கும் இடையே நின்று கடன் வாங்கித் தந்தது. வங்கி திறந்திருக்கும் நேரமோ இவர்கள் விற்பனை செய்யும் நேரம். எழுத்தறியாமையும், குழந்தையோடு அழுக்குத் துணியில் வந்து நிற்பதும் அலுவலர்க்கு ஒவ்வாதனவாயின. ஆகவே தமக்கென ஒரு வங்கி வேண்டும் என்று அப்பெண்டிரே துணிந்தனர். 4,000 பெண்டிர் ஆளுக்கு 10 ரூபாய் பங்குத்தொகை தர, 1974 ஆம் ஆண்டில் கூட்டுறவு வங்கி பதிவாயிற்று. பதிவுக்கு விண்ணப்பித்தோர்க்குக் கையெழுத்திடத் தெரியாது என்னும் தடை எழுந்தபோது, அவர்கள் இரவோடிரவாக அமர்ந்து தத்தம் பெயரை எழுதப் பயின்றனர் என்பதை எலா பட் பதிவு செய்துள்ளார். கணக்குடையாரை அறிந்துகொள்ளக் கையெழுத்தினும் நிழற்படமே பயன்பட்டது.

இச்செய்தியை நெகிழ்ச்சிக்குரிய கதையாக மட்டும் கூறிவிடுதல் வழக்கமாகிவிட்டது. ஆய்வாளர்க்கு அதனினும் பெரிய பொருள் இதில் உண்டு. நிழற்படம் என்பது பெண்ணைப் பெண்ணாகவே அடையாளம் காண்பது. இன்னானின் மனைவி, இன்னானின் மகள் என்று காண்பதன்று. முதுகணின் இடம் அங்கே வெற்றிடமாயிற்று. அதே 1974 ஆம் ஆண்டில்தான் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் பால் வேறுபாடும் மண நிலையும் பற்றிக் கடன் மறுத்தல் ஆகாது என்னும் சட்டம் எழுந்தது; பெண்டிரின் வணிகக் கடனுக்கும் அப்பாதுகாப்பை நீட்ட 1988 ஆம் ஆண்டில் மற்றொரு சட்டம் வேண்டியிருந்தது. முதுகண் தமிழர்க்கோ கீழை நாட்டார்க்கோ மட்டும் உரியவன் அல்லன்.

சென்னையில் 1978 ஆம் ஆண்டில் செயா அருணாசலம் அம்மையார் தொடங்கிய உழைக்கும் மகளிர் அமைப்பு, இவ்வெற்றிடத்தை நிரப்பிய முறையால் தனித்துக் கருதத்தக்கது. ஒரே தெருவில் வாழ்ந்து ஒருவரை ஒருவர் நன்கறிந்த பெண்டிர் சிறு குழுவாயினர். ஒருத்தி பெற்ற கடனுக்கு மற்றையோர் பொறுப்பேற்றனர். நாட்டுடைமை வங்கிகள் அப்பொறுப்பின்மேல் சில நூறு ரூபாய் கடன் வழங்கின. 1981 ஆம் ஆண்டில் அவ்வமைப்பினர் தமக்கென ஒரு கூட்டுறவுச் சங்கமும் கண்டனர். தமிழில் ‘புணை’ என்னும் சொல் தெப்பத்தையும் குறிக்கும். கடனுக்கு நிற்கும் பிணையையும் குறிக்கும். தனிக்கழி மிதப்பினும் ஆளைத் தாங்காது. பல கழிகளைச் சேர்த்துக் கட்டியதே தெப்பம். சொல்லின் இவ்விரு பொருளும் ஒன்றாகி நின்றதைச் சென்னைத் தெருக்களில் கண்டிருக்கலாம்.

அரசு இதனைப் பெருந்திட்டமாக்கிற்று. 1983 ஆம் ஆண்டில் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அமைந்தது. 1989 ஆம் ஆண்டில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் துணையோடு தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தோன்றின. 1992 ஆம் ஆண்டில் நபார்டு வங்கி, இந்திய அளவில் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனையைத் தொடங்கியது. பின்னர் அது பரவிய வேகம் யாவரும் அறிந்தது.

குழுப்புணையின் புகழ் பாடுவோர் அதன் மறுபக்கத்தையும் காணல் வேண்டும். அண்டை வீட்டாரின் அன்பே பிணையாயினமையால் அண்டை வீட்டாரின் சினமே தண்டலாளாகவும் ஆயிற்று. தனியார் சிறுகடன் நிறுவனங்கள் குழுவை மட்டும் எடுத்துக்கொண்டு, குழுவை வளர்த்த சங்கத்தை விட்டுவிட்டன. 2010 ஆம் ஆண்டில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் இயற்றும் அளவுக்குத் துன்பம் முற்றியது. வன்முறையாகக் கடன் தண்டுதலைத் தடுக்க 2025 ஆம் ஆண்டில் தமிழ்நாடும் சட்டம் செய்தது. இடுப்பளவு நீரைக் கடக்கக் கட்டிய தெப்பத்தில் கடலைக் கடக்கப் புகுந்தால் நேர்வது இது.

ஏனெனில் குழுப்புணை சிறுகடனுக்கே பொருந்தும். பத்துப்பேர்க்கு வேலை தரும் பட்டறையைப் பெண்ணொருத்தி தொடங்க விழைவாளாயின் பழைய வினா மீண்டும் எழுகின்றது. மானியங்கள் உளவே என்பார்க்கு ஒன்று கூறுவோம். 2008 ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்டிர்க்கு நகர்ப்புறத்தில் நூற்றுக்கு 25, ஊர்ப்புறத்தில் 35 மானியம் வகுக்கப்பட்டது. அவர்தம் சொந்த முதல் 5 இருந்தாற் போதும். ஆனால் வங்கி கடன் ஒப்பிய பின்னரே மானியம் வரும். வந்ததும் மூன்றாண்டு வைப்புத்தொகையாக வங்கியிலேயே தங்கும். ஆகவே மானியத்தின் திறவுகோலும் கடன் கொடுப்போர் கையிலேயே உள்ளது. அரசே புணையாக நிற்கும் கடன் உறுதி நிதியம் 2000 ஆம் ஆண்டில் அமைந்ததும், குறுந்தொழில்களின் 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு ஈடு கேட்டல் ஆகாது என்று 2010 ஆம் ஆண்டில் ரிசர்வு வங்கி ஆணையிட்டதும் மானியங்களினும் ஆழமான மாற்றங்கள் என்பது எம் துணிபு. அவற்றின் பெயர் அறிந்தோர் குறைவு. 2013 ஆம் ஆண்டில் ஆரவாரத்தோடு தொடங்கிய பாரதிய மகிளா வங்கியின் பெயர் அறிந்தோர் மிகுதி. அதுவோ 2017 ஆம் ஆண்டு ஏப்ரலில் பாரத ஸ்டேட் வங்கியில் இணைந்து மறைந்தது.

முதுகண் குறித்த கல்வெட்டுகளைத் தொகுக்க முற்படும் முதுகலை மாணவர்க்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். சோழர், பாண்டியர் காலத்தோடு அத்தொகுப்பு நின்றுவிடல் வேண்டா. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலாகப் பதிவு அலுவலகங்களில் உள்ள ஒற்றிப் பத்திரங்களும், கூட்டுறவுச் சங்கங்களின் கடன் ஏடுகளும் பெண்ணின் கைந்நாட்டுக்கு அருகே யாருடைய பெயரைத் தாங்கியுள்ளன என்பதையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.