வளையலும் உபகாரச் சம்பளமும்

தாம்பரத்திலிருந்து பட்டணம் செல்லும் மின்சார இரயில் இரண்டாவதாக நிற்கும் ஊர் குரோம்பேட்டை. குரோம் லெதர் கம்பெனி என்னும் தோல் பதனிடும் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர் அது. தோல் வாணிபத்தில் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்ட நம் சமுதாயத்தாருக்குப் பல்லாவரம், நாகல்கேணி, குரோம்பேட்டை ஆகிய ஊர்களைப் பற்றி நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவ்வூரில் 1949-ஆம் ஆண்டில் சி. இராஜம் அவர்கள் நிறுவிய சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரி, விமானவியல், மோட்டார் வாகனவியல், மின்னணுவியல் போன்ற அந்நாளைய புதுத் துறைகளைக் கற்பித்த தனிச்சிறப்புடையது. 'எம்.ஐ.டி.' என்றால்தான் அக்கம்பக்கத்தார்க்கு விளங்கும்.

இக்கல்லூரியில் 1950-களின் நடுவே சேர்ந்த இராமேசுவரத்து மாணவர் ஒருவருக்குச் சேர்க்கைக்கு மட்டும் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. தந்தையாரிடம் அத்தொகை இல்லை. மாணவரின் சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார். அம்மாணவர் பிற்காலத்தில் நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கிய மர்ஹூம் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்கள். 'அக்னிச் சிறகுகள்' நூலில் இதனை அவரே பதிவு செய்திருக்கிறார். தம் சொந்தச் சம்பாத்தியத்தால் அந்நகைகளை மீட்பது என உறுதி பூண்டதாகவும், அதற்கு அப்போதிருந்த ஒரே வழி நன்றாகப் படித்து உபகாரச் சம்பளம் பெறுவதே என்றும் அவர் கூறுகின்றார்.

இவ்வரலாற்றை மேடைதோறும் கேட்டிருக்கிறோம். சகோதரியின் தியாகத்தைப் போற்றுவதோடு பேச்சாளர்கள் நிறுத்திக்கொள்வது வழக்கம். நாம் கவனிக்க விரும்புவது அடுத்த கட்டத்தை. உபகாரச் சம்பளம் கிடைத்தது. ஆயினும், விமான வடிவமைப்புப் பணி ஒன்றில் முன்னேற்றம் போதாதெனக் கண்ட பேராசிரியர் ஸ்ரீனிவாசன், மூன்று நாளில் முடிக்காவிட்டால் அச்சம்பளம் நிறுத்தப்படும் என எச்சரித்துவிட்டார். மாணவர் இரவு பகலாக உழைத்து முடித்தார், பேராசிரியரும் பாராட்டினார். முடிவு நலமே. ஆனால் ஓர் இளைஞனின் படிப்பு முழுவதும் அடகுக்கடையில் கிடக்கும் நகையையும், எந்நேரமும் நிறுத்தப்படக்கூடிய ஒரு தொகையையும் நம்பி நின்றது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மேதைக்கு அது தாங்கும். சராசரி மாணவனுக்குத் தாங்குமா?

அரசு கைகொடுப்பது புதிதன்று. 1870-களிலேயே சென்னை மாகாண அரசு, கல்வியில் பின்தங்கிய முஸ்லிம் மாணவர்களுக்குப் பாதிக் கட்டணச் சலுகை அளித்தது. மவுண்ட் ரோட்டிலிருந்த அரசினர் முகமதியக் கல்லூரி சுதந்திரத்துக்குப்பின் அனைவருக்குமான அரசினர் கலைக் கல்லூரியாயிற்று. அங்கேதான் 1974-இல் காயிதே மில்லத் பெயரால் அரசினர் மகளிர் கல்லூரி அமைந்தது.

தென்புறநகரின் நிலை வேறு. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி பட்டணத்து நெரிசலை விட்டுத் தாம்பரத்துச் சேலையூர்க் காட்டுக்கு இடம் பெயர்ந்தது. ஆகவே கல்லூரி என்றால் என்னவென்று தாம்பரத்தார்க்கு நன்கு தெரியும். எனினும் அரசினர் கலைக் கல்லூரியில் படிக்க வேண்டுமாயின் நெடுங்காலம் வடக்கே நந்தனத்துக்கோ தெற்கே செங்கற்பட்டுக்கோதான் போகவேண்டியிருந்தது. நம் பிள்ளைகளிற் பலர் 1951-இல் தொடங்கப்பெற்ற புதுக்கல்லூரியை நாடி இராயப்பேட்டைக்குச் சென்றனர். வீட்டுச் சோற்றை உண்டு, மாணவர் சீசன் டிக்கெட்டில் பயணம் செய்து பட்டம் பெற்ற தலைமுறை அது. விடுதிச் செலவை மிச்சப்படுத்திய அந்த இரயிலையும் ஒருவகைக் கல்வி உதவி என்றே நாம் கணக்கில் வைப்போம்.

காமராசர் காலத்தில் வேரூன்றிய இலவசக் கல்வி பள்ளி இறுதிவரை வளர்ந்தது. கல்லூரியைப் பொறுத்தமட்டில் பெரிய அடி 2007-ஆம் ஆண்டில் எடுத்து வைக்கப்பட்டது. அவ்வாண்டு முதல் அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவிபெறும் பிரிவுகளிலும் இளநிலை மாணவர்க்குக் கற்பிப்புக் கட்டணம் நீக்கப்பட்டது. சாதி, மதம், வருமானம் எதுவும் கேட்கப்படவில்லை. கடன் கொடுத்து வட்டியைத் தள்ளுபடி செய்வதைவிடக் கட்டணத்தையே வாங்காமல் விடுவது மேல் என்பது நம் கருத்து. முஸ்லிம்களுக்குத் தனியே 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு வந்ததும் அதே ஆண்டில்தான்.

நிற்க. ஜி.எஸ்.டி. சாலை நெடுகிலும் இன்று நாம் காணும் கல்லூரிகளில் பெரும்பாலானவை 1984-க்குப் பின் எழுந்த சுயநிதிக் கல்லூரிகள். அவ்வாண்டிலேயே வள்ளல் பி.எஸ். அப்துர் ரகுமான் அவர்கள் வண்டலூரில் கிரசென்ட் பொறியியற் கல்லூரியைத் தோற்றுவித்தார். நம் பிள்ளைகள் பொறியாளராவதற்கு அது பெரிய வாயிலாயிற்று, அதில் ஐயமில்லை. ஆனால் சுயநிதி என்றாலே மாணவன் நிதி என்று பொருள். அரசு உதவி எட்டாத அந்த இடத்தில் வங்கி புகுந்தது. 2001-இல் வங்கிகளுக்கென மாதிரிக் கல்விக்கடன் திட்டம் வகுக்கப்பட்டது. 2009-இல், ஆண்டு வருமானம் நாலரை இலட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்குப் படிப்புக் கால வட்டியை மத்திய அரசே ஏற்றது. படிப்புக்குப் பின் வட்டி மீண்டும் தலைகாட்டும். வட்டியை ஹராம் என விலக்கி வாழும் குடும்பத்தினர்க்கு இது வெறும் பணக்கணக்கு அன்று. மகன் படிக்கவேண்டும், மார்க்கமும் பிழைபடலாகாது எனத் தவித்து, கடைசியில் மனைவியின் நகையை விற்ற தந்தையரை நாம் அறிவோம்.

இன்னொரு விந்தையும் உண்டு. உதவிபெறும் கல்லூரிகள் பலவற்றில் ஒரே வளாகத்துக்குள் இரண்டு பிரிவுகள் நடக்கின்றன. ஒன்று அரசு உதவிபெறுவது, மற்றொன்று சுயநிதி. ஒரே பல்கலைக்கழகப் பட்டம், ஒரே நூலகம், ஒரே மரநிழல். முன்னதில் இடம் கிடைத்தவனுக்குக் கற்பிப்புக் கட்டணம் இல்லை. சில மதிப்பெண்கள் குறைந்து பின்னதில் சேர்ந்தவன் முழுக் கட்டணமும் செலுத்துகிறான். மதிப்பெண் குறைந்தவன் வீட்டில்தான் பெரும்பாலும் பணமும் குறைவாக இருக்கும்.

இக்குறையை ஓரளவு போக்க 2010-இல் முதல் பட்டதாரிச் சலுகை வந்தது. குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாதிருந்தால், அரசுக் கலந்தாய்வு வழியே தொழிற்கல்வியில் சேருவோரின் கற்பிப்புக் கட்டணத்தை அரசு ஏற்கும். சுயநிதிக் கல்லூரிக்கும் இது பொருந்தும். அக்காள் பட்டம் பெற்றுவிட்டால் தம்பிக்கு இச்சலுகை கிடையாது. 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியல் முதலிய படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கி, கற்பிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் கலந்தாய்வுக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. நாம் அறிந்த அளவில் கடனுக்கு இடமேயில்லாமல் செய்த ஏற்பாடு இதுவே. 2022 செப்டம்பரில் மாணவியர்க்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் மாணவர்க்குத் தமிழ்ப்புதல்வன் திட்டமும் தொடங்கின.

இவற்றில் நம் குடும்பத்தினர் கவனிக்கவேண்டிய ஒரு நுட்பம் உண்டு. நம் பெரியோர்கள் அரும்பாடுபட்டு நடத்திவரும் பள்ளிகள் பல அரசு உதவிபெறும் பள்ளிகள். அரசுப் பள்ளிகள் அல்ல. புதுமைப்பெண் திட்டம் 2024 டிசம்பரில் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்ற பெண்களுக்கும் விரிவாக்கப்பட்டது. 7.5 விழுக்காட்டு இடங்களோ அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பயின்றவர்களுக்கே உரியன. பத்தாம் வகுப்புவரை நம் பள்ளியில் படிக்கவைத்துப் பின்னர் அரசுப் பள்ளிக்கு மாற்றினாலும் பயனில்லை. பிள்ளையை ஐந்தாம் வகுப்பு முடித்துச் சேர்க்கும் நாளிலேயே இக்கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.