நெய்யில் ஒரு சொட்டு அயோடின்... நீலமானால் என்ன அர்த்தம்?

ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கோயிலில் கோரைக்கிழங்கில் செய்த பிரசாதம் ரொம்பப் பிரசித்தம். வயலில் களைன்னு பிடுங்கிப் போடுற அதே கோரைதான். அந்தக் கிழங்குக்குள் நிறைய மாவுச்சத்து இருக்கு. அது நாக்குக்குத் தெரியாது. ஆனால், பச்சைக் கிழங்கை நறுக்கி ஒரு சொட்டு அயோடின் விட்டால், பழுப்பு நிறம் கருநீலமாக மாறி காட்டிக்கொடுத்துவிடும்.

மாவுச்சத்து, சர்க்கரை, புரதம், கொழுப்பு... இதையெல்லாம் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் சோதனைகளைப் பள்ளிக்கூட லேப்ல மார்க்குக்காகச் செய்துவிட்டு மறந்திருப்போம். பால், நெய், புரோட்டீன் பவுடர்னு காசைக் கொட்டி வாங்கும்போதுதான் அதோட அருமை புரியும்.

முதலில் அயோடின். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் டிங்சர் அயோடினே போதும். ஒரு வெள்ளைப் பீங்கான் சாஸரும் வேணும். நிறம் பளிச்னு தெரியும். பக்கத்துல இருக்கிற விருத்தாசலமே பீங்கானுக்குப் பேர்போன ஊர்தானே!

மாவுச்சத்தின் ஒரு பகுதியான அமைலோஸ், சுருள் படிக்கட்டு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சுருளுக்குள் அயோடின் போய் உட்காரும்போதுதான் நீலம் வருது. சூடு பண்ணினால் நீலம் மறையும், ஆறினால் திரும்ப வரும். அதனால் கொதிக்கிற பாலில் அயோடினை விட்டுவிட்டு ‘ஒண்ணும் இல்லை’ன்னு முடிவுக்கு வந்துடாதீங்க. ‘அயோடின் உப்பு போட்ட சோறு ஏன் நீலமாகலை?’ன்னு கேட்கலாம். உப்பில் இருப்பது பொட்டாசியம் அயோடேட். தனி அயோடின் இல்லாததால் நிறம் மாறாது.

தண்ணீர் கலந்த பாலைக் கெட்டியாகக் காட்ட மாவு சேர்ப்பது பழைய தந்திரம். நெய்யில் மசித்த உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு கலப்பதும் உண்டு. இதைக் கண்டுபிடிக்கிற வழியை, உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ‘டார்ட்’ என்ற கையேட்டில் கொடுத்திருக்கு. 2-3 மில்லி பால் அல்லது அரை டீஸ்பூன் நெய்யில் 2-3 சொட்டு டிங்சர் அயோடின் விடணும். பனீர், கோவா என்றால் 2-3 கிராம் எடுத்து 5 மில்லி தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு அப்புறம் விடணும். நீலம் வந்தால் மாவு இருக்கு. சோதித்ததைக் கண்டிப்பாகக் கொட்டிடுங்க, அயோடின் விஷம்.

இதே சோதனையை மஞ்சள்தூளில் செய்துபார்த்துட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீங்க. மஞ்சளிலேயே இயற்கையாக மாவுச்சத்து இருக்கு. இன்னொன்று, நெய் நீலமாகலைன்னா அது சுத்தம்னு அர்த்தம் இல்லை. வனஸ்பதி கலந்திருந்தால் அயோடினுக்குத் தெரியாது. அது மாவை மட்டும்தான் பார்க்கும்.

சர்க்கரைக்கு பெனடிக்ட் கரைசல். அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி பெனடிக்ட் உருவாக்கியது. குளூக்கோமீட்டர் வருவதற்கு முன்னால் சர்க்கரை நோயாளிகளுக்கு இதுதான் துணை. 5 மில்லி கரைசலில் 8 சொட்டு சிறுநீர் விட்டுச் சூடாக்குவாங்க. நீலமாகவே இருந்தால் நிம்மதி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று ஏற ஏற, சர்க்கரையும் அதிகம். தேன், பால், பழச்சாறு எல்லாம் இதில் நிறம் மாறும். வேடிக்கை என்னன்னா, காபியில் போடுற வெள்ளைச் சர்க்கரைக் கரைசல் மாறாது! அமிலம் விட்டுக் கொதிக்கவைத்து அதை குளூக்கோஸும் ஃபிரக்டோஸுமாக உடைத்தால்தான் சிவக்கும்.

புரதத்துக்கு பையூரெட் சோதனை. முட்டை வெள்ளைக்கருவில் காஸ்டிக் சோடா கரைசலும் சில சொட்டு மயில்துத்தக் கரைசலும் சேர்த்தால் ஊதா வரும். காஸ்டிக் சோடா தோலை அரிக்கும், அதனால் இதை வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம், லேப்பிலேயே இருக்கட்டும். அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோக்கிற பெப்டைடு பிணைப்புகளோடு தாமிரம் சேரும்போதுதான் அந்த ஊதா கிடைக்கிறது.

இது ஏன் முக்கியம்? 2008-ல் சீனாவில் பால்பவுடரில் மெலமைன் கலந்தாங்க. அங்கே புரத அளவைச் சோதித்த முறை, நைட்ரஜன் எவ்வளவுன்னு மட்டும்தான் பார்த்தது. மெலமைனில் நைட்ரஜன் ஏராளம். தண்ணீர் கலந்த பால்கூட ‘சத்துள்ள பால்’னு தேறிடுச்சு. 6 குழந்தைகள் இறந்தாங்க. பாதிக்கப்பட்டவங்க கிட்டத்தட்ட 3 லட்சம் பேர். மெலமைனில் பெப்டைடு பிணைப்பு கிடையாது. பையூரெட்டை அது இப்படி ஏமாற்றியிருக்க முடியாது.

கொழுப்புக்குப் பெரிய லேப் எதுவும் வேண்டாம். கடலூர் மாவட்டத்து முந்திரி ஒன்றை எடுத்து வெள்ளைத்தாளில் வைத்து நசுக்குங்க. தண்ணீர்க் கறை காய்ந்து மறையும். எண்ணெய்க் கறை வெளிச்சத்தை ஊடுருவ விட்டபடி அப்படியே நிற்கும். பஜ்ஜி மடித்த பேப்பரில் தினமும் பார்க்கிறதுதான். லேப்பில் ஆல்கஹாலில் கரைத்துத் தண்ணீரில் ஊற்றுவாங்க, பால்போல வெளுத்தால் கொழுப்பு.

டிஎன்ஏவுக்கும் டைஃபீனைலமின் என்று ஒரு நீலச் சோதனை உண்டு. அது சமையலறைப் பக்கம் வர வேண்டாம்.

வீட்டுச் சோதனையில் சந்தேகம் வந்தால், அதை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளியாக்க முடியாது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன் 40-வது பிரிவு, வாங்கினவரே கட்டணம் செலுத்தி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதிக்க வழி தருது. ஒரு நிபந்தனை: ‘இதைச் சோதனைக்குக் கொடுக்கப்போறேன்’னு வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லணும். விதிமீறல் உறுதியானால், கட்டின கட்டணம் திரும்பக் கிடைக்கும். ரசீதைப் பத்திரமாக வைங்க.