கடலாமைக்காக ராத்திரி நடந்தவர்கள்

மோட்டார் வண்டியே வராமல், நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டும் என்று விட்ட பாதை நம்ம பக்கம் எங்கேயாவது இருக்கிறதா? சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் தேர் ஓடும் நாளில் நான்கு வீதிகளும் அப்படி ஆகும். மறுநாள் பழையபடி ஹாரன் சத்தம்தான்.

பிரிட்டனில் நிலைமை வேறு. பிரிஸ்டலுக்கும் பாத் நகருக்கும் நடுவே கைவிடப்பட்ட இரயில் தடத்தை 1979ல் தொடங்கி கொஞ்சம் கொஞ்சமாகச் சைக்கிள் பாதையாக மாற்றினார்கள். அந்த வேலையிலிருந்து வளர்ந்த சஸ்ட்ரான்ஸ் என்ற அமைப்பு பிறகு நாடு முழுக்க இப்படிப் பாதைகளை இணைத்தது. அந்தப் பாதைகளின் ஓரத்தில் சம்பளம் வாங்காத ஆட்கள் நோட்டும் பென்சிலுமாக நடந்து, பூச்செடி எத்தனை, பட்டாம்பூச்சி எத்தனை என்று எழுதுகிறார்கள். கேட்கும்போது வேலையில்லாதவர்கள் வேலை மாதிரி தெரியும். ஆனால் இதற்கு ஒழுங்கான முறை உண்டு. 1970களில் எர்னி பொல்லார்ட் என்ற விஞ்ஞானி வகுத்துக் கொடுத்தது அது. ஒரே பாதை, ஒரே வேகம், வாரம் ஒரு முறை, தன்னைச் சுற்றி ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குள் தெரிவதை மட்டும் எண்ண வேண்டும். இதை வைத்து 1976ல் பிரிட்டன் முழுவதற்குமான பட்டாம்பூச்சிக் கணக்கு ஆரம்பித்தது. இன்று வரை நிற்கவில்லை. ஒரு நாள் கணக்கை மட்டும் பார்த்தால் அதில் ஒன்றுமில்லை. அதே பாதையில் முப்பது, நாற்பது வருஷம் நடந்தால்தான் எது குறைந்தது, எது கூடியது என்று தெரியும்.

நமக்கு இரயில் தடம் கிடைக்கவில்லை. ஆனால் இன்னொரு பாதை இருக்கிறது. அலை வந்து நனைத்துவிட்டுப் போகும் ஈர மணல்! அங்கே கார் வராது, பஸ் வராது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் இந்தப் பாதை ஐம்பது கி.மீட்டருக்கு மேல் நீளும். வடக்கே தென்பெண்ணை கடலில் சேரும் தாழங்குடா, பிறகு தேவனாம்பட்டினம், துறைமுகம், அதற்குத் தெற்கே வரிசையாகப் பேட்டைகளும் குப்பங்களும், சாமியார்பேட்டை, வெள்ளாறு கலக்கும் பரங்கிப்பேட்டை, கடைசியில் பிச்சாவரம் காட்டுக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணல் திட்டு. தமிழ்நாட்டில் வனவிலங்கை எண்ணத் தன்னார்வலர்கள் முதலில் வரிசையாக நடந்த பாதைகளில் ஒன்று இந்த ஈர மணல்தான். எண்ணியது கடலாமையை. ஆனால் அந்த நடை ஆரம்பித்தது கடலூரில் இல்லை, சென்னையில். இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்பது பின்னால் வரும்.

நம் கடலில் ஐந்து வகை ஆமைகள் உண்டு. பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை, பங்குனி ஆமை. சோழமண்டலக் கரையில் அதிகமாக ஏறி முட்டையிடுவது கடைசியாகச் சொன்ன பங்குனி ஆமை. ஆலிவ் ரிட்லி என்று நாளிதழ்களில் வருவது இதுதான். ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை, ராத்திரியில், பெண் ஆமை மட்டும் கரைக்கு வரும். பின்கால்களால் குழி பறித்து நூறு முட்டை அளவுக்கு இட்டு, மணலை மூடி, உடம்பால் தட்டிச் சமன் செய்துவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதற்கப்புறம் அந்த முட்டைக்குக் காவல் கிடையாது. நாய், நரி, மனிதன், மூன்று பேரும் போட்டி போடுவார்கள்.

1970களின் தொடக்கத்தில் இந்தப் போட்டியில் நான்காவதாக ஒரு கூட்டம் சேர்ந்தது. சென்னையில் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கரும் அவரைச் சுற்றியிருந்த இளைஞர்களும் ராத்திரியில் சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் நடக்க ஆரம்பித்தார்கள். ஆமை ஏறிய தடத்தைத் தேடுவது, குழியைக் கண்டுபிடிப்பது, முட்டைகளை எடுத்து வேலி போட்ட இடத்தில் மறுபடி புதைப்பது, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுவது. இதற்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. பிறகு 1970களின் பிற்பகுதியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோவளத்தில் பொரிப்பகம் வைத்தது. 1982ல் தமிழ்நாடு வனத்துறை அந்த வேலையை எடுத்துக்கொண்டது. சில வருஷங்களில் அது தொய்ந்தபோது, 1988ல் கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பைத் தொடங்கினார்கள். அந்த மாணவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் பின்னாளில் இந்தியக் கடலாமை ஆய்வில் முக்கியமான விஞ்ஞானி ஆனார். அந்த அமைப்பு இன்றும் நடக்கிறது. சீசனில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி நடை உண்டு, படித்தவர் படிக்காதவர் யாரும் சேர்ந்துகொள்ளலாம்.

விட்டேக்கரோடு ஆரம்ப காலத்தில் நடந்தவர்களில் சதீஷ் பாஸ்கர் என்று ஒருவர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்த மலையாளி. படிப்பை விடக் கடல்தான் பிடித்தது. படிப்பை விட்டுவிட்டார்! 1977லிருந்து கட்ச் வளைகுடா, லட்சத்தீவு, அந்தமான், நிகோபார் என்று இந்தியக் கடற்கரையில் நாலாயிரம் கி.மீட்டருக்கு மேல் நடந்து, எந்தக் கரையில் எந்த ஆமை ஏறுகிறது என்று எழுதி வைத்தார். அதுவரை இந்தியாவில் யாரிடமும் அந்தக் கணக்கு இல்லை.

அவர் செய்ததில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. லட்சத்தீவில் சுஹேலி என்று ஆள் இல்லாத தீவு. பேராமைகள் அங்கே முட்டையிடுவது மழைக்காலத்தில். அந்த மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் எந்தப் படகும் அங்கே போகாது. அதனால் யாருமே எண்ணியதில்லை. சதீஷ் பாஸ்கர் 1982ல் மழைக்கு முன்பே அங்கே போய் இறங்கி, மழை முடியும் வரை தனியாகத் தங்கிவிட்டார். நடுவில் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, பாட்டிலில் அடைத்துக் கடலில் போட்டார். அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைக்க, அவர் அதைத் தபாலில் சேர்த்துவிட்டார். எழுதி ஒரு மாதத்துக்குள் கடிதம் வீடு வந்து சேர்ந்தது. சினிமாவில் வந்தால் கூட நம்ப மாட்டோம்.

சதீஷ் பாஸ்கர் 2023ல் காலமானார். அவருடைய நோட்டுகளின் மதிப்பு என்ன என்பதற்குப் பெரிய நிகோபாரின் கலத்தியா விரிகுடா ஒரு உதாரணம். ஏழுவரி ஆமைகள் ஏறும் கரை அது. அவர் எண்ணியதும், அவருக்குப் பின் வந்தவர்கள் எண்ணியதும் சேர்ந்துதான் அந்த இடத்தின் பெருமையை உலகத்துக்குச் சொன்னது. 2004 சுனாமி அந்த மணலை அடித்துக்கொண்டு போனது. மணல் மெல்லத் திரும்பி வந்தது, ஆமைகளும் வந்தன. 2021ல் துறைமுகத் திட்டத்துக்காக அங்கிருந்த சரணாலய அறிவிப்பை அரசு விலக்கிக்கொண்டது. இன்று அந்தத் திட்டத்தைப் பற்றி வாதாடும் இரண்டு தரப்பும் எடுத்துப் பேசுவது அங்கே எத்தனை ஆமை ஏறுகிறது என்ற எண்ணைத்தான். யாரோ நடந்திருந்ததால்தான் அப்படி ஒரு எண் இருக்கிறது.

சரி, நம்ம கரைக்கு வருவோம்.

சென்னையில் ஐம்பது வருஷமாக நடக்கிறார்கள் என்றால் அங்கேதான் ஆமை அதிகம் என்று நினைத்துவிடக் கூடாது. சென்னையில் அதிகமாக இருந்தது கல்லூரி, மாணவர்கள், பேருந்து வசதி, பத்திரிகை ஆபீஸ். இந்திய அரசும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து நடத்திய கடலாமைத் திட்டத்தில், 2000த்தை ஒட்டிய வருஷங்களில், கோவை சலீம் அலி மையத்தைச் சேர்ந்த பூபதி குழுவினர் தமிழ்நாட்டுக் கரையை ஆராய்ந்தார்கள். அதில் பங்குனி ஆமை அதிகம் முட்டையிடும் பகுதிகளில் ஒன்றாகத் தெரிந்தது நாகப்பட்டினம் கரை. அதாவது கொள்ளிடத்துக்குத் தெற்கே, கடலூர் மாவட்டத்துக்கு அடுத்த வீடு! ஆமைக்கு மாவட்ட எல்லை தெரியாது. எண்ணுகிறவர்கள் குடியிருக்கும் இடத்தில் வரலாறு நீளமாக இருக்கிறது, மற்ற இடத்தில் குட்டையாக இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

இத்தனைக்கும் கடலூர் கரைக்குப் படிப்பு இல்லாமல் இல்லை. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றங்கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. கழிமுகம், அலையாத்தி, மீன், நுண்ணுயிர் என்று அங்கிருந்து வந்த ஆராய்ச்சி ஏராளம். ஆனால் ஆய்வகம் வேறு, சீசனில் ஒவ்வொரு ராத்திரியும் நடப்பது வேறு. முதலாவதற்குப் பட்டம் கிடைக்கும். இரண்டாவதற்குக் கிடைப்பது காலில் மணலும் மறுநாள் வகுப்பில் தூக்கமும்.

முந்தைய கணக்கு இருந்தால் என்ன லாபம் என்பதை இதே மாவட்டம் ஒரு முறை உலகத்துக்குக் காட்டியது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, 2005ல் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. கடலூர் மாவட்டக் கரையில், மரக்கூட்டத்துக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு என்று அது சொன்னது. சுனாமிக்கு முன் எங்கெங்கே மரம் இருந்தது என்று செயற்கைக்கோள் படங்கள் சொன்னதால்தான் அந்த ஒப்பீட்டைச் செய்ய முடிந்தது. மரத்தை வானத்திலிருந்து படம் பிடிக்கலாம். ஆமைத் தடத்தை அப்படிப் பிடிக்க முடியாது. காலை வெயில் ஏறி காற்று அடித்தால் தடம் மறைந்துவிடும். ஆள்தான் நடக்க வேண்டும்.

2025 ஜனவரியில் சென்னைக் கரையிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. இழுவை வலையில் மாட்டிய ஆமைக்கு மேலே வந்து மூச்சு விட வழியில்லை, அதனால் மூழ்கிச் சாகிறது. பசுமைத் தீர்ப்பாயம் வழக்கை எடுத்தது, அரசு ரோந்துக்கு ஏற்பாடு செய்தது. இது வழக்கத்துக்கு மாறானது என்று அன்று உடனே சொல்ல முடிந்ததற்கு ஒரே காரணம், முந்தைய வருஷங்களில் எத்தனை ஒதுங்கியது என்று நடந்தவர்கள் எழுதி வைத்திருந்தது. கணக்கு இல்லாத கரையில் இதே மாதிரி நடந்தால், 'ஆமை செத்து ஒதுங்குவது எப்போதும் உள்ளதுதானே' என்று ஒருவர் சொன்னால் மறுத்துச் சொல்ல ஆதாரம் இருக்காது.

(விசைப்படகுக்காரர்களை மட்டும் வில்லனாக்கிப் பேசுவதும் சரியில்லை. ஆமைக்காக யாரும் வலை போடுவதில்லை. மாட்டினால் வலையும் கிழிகிறது, பிடிபட்ட மீனும் நசுங்குகிறது. ஆமை வெளியேறும் கருவியை வலையில் பொருத்தினால் அதன் வழியாக மீனும் போய்விடும் என்பது அவர்கள் பயம். நாட்டுப்படகு மீனவர்களில் பலர் ஆமையைத் தெய்வமாக நினைத்து வலையை அறுத்தே விட்டுவிடுவார்கள்.)

நடை எப்படி நடக்கும் என்றும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நள்ளிரவுக்கு முன்னோ பின்னோ கிளம்பி விடியும் வரை போகும். டார்ச் அடிக்கக் கூடாது. வெளிச்சம் பட்டால் ஏற வந்த ஆமை திரும்பிவிடும், குஞ்சுகளும் திசை மாறிப் போகும். பங்குனி ஆமை முன்கால்களை மாற்றி மாற்றி வைத்து நடக்கும், பேராமை இரண்டையும் ஒன்றாக வைத்து உந்தும். ஆகவே தடத்தைப் பார்த்தே வகை சொல்லிவிடலாம். ஏறிய தடம், இறங்கிய தடம், நடுவே கலைந்த மணல், அங்கே குழி. செத்த ஆமை கிடந்தால் அளந்து எழுதி, ஓட்டில் பெயின்ட்டால் ஒரு குறி போட வேண்டும், அடுத்த நாள் வருபவர் மறுபடி எண்ணாமல் இருக்க.

கடலூர் கரையில் இதற்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஆறுகள்! தென்பெண்ணை, கெடிலம், உப்பனாறு, வெள்ளாறு என்று முகத்துவாரங்கள் கரையைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன. ஒரே மூச்சில் நடக்க முடியாது, ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஆட்கள் வேண்டும். அந்தந்தக் குப்பத்து இளைஞர்களைச் சேர்க்காமல் இது நடக்காது. கரையில் தோண்டி எடுத்த முட்டைகளை வனத்துறை பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடும் படம் வருஷா வருஷம் நாளிதழில் வருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் எத்தனை குஞ்சு விட்டோம் என்பது ஒரு கணக்கு, எத்தனை கி.மீ. நடந்து எத்தனை தடம் பார்த்தோம் என்பது வேறு கணக்கு. இரண்டாவது தெரிந்தால்தான் முதலாவது கூடியதற்குக் காரணம் ஆமை கூடியதா, நடந்த ஆள் கூடியதா என்று புரியும்.

கோஸ்டா ரிக்காவில் டோர்டுகேரோ என்ற கரையில் ஆர்ச்சி கார் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1955ல் பேராமைகளை எண்ணி அடையாளத் தகடு போட ஆரம்பித்தார். அவர் 1987ல் இறந்தார், நடை நிற்கவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு கணக்கைப் பார்த்தபோது அங்கே ஆமைகள் பெருகியிருந்தது தெரிந்தது. ஆரம்பித்தவருக்கு அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. ஒரு பெண் ஆமை பிறந்து முட்டையிட வருவதற்கே பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். பரங்கிப்பேட்டையில் இந்த வருஷம் முதல் வருஷம் படிக்கிற மாணவர் ஒரு குஞ்சைக் கடலில் விட்டால், அது திரும்பி வரும்போது அவர் வேலை கிடைத்து வேறு ஊரில் இருப்பார். அன்றைக்குச் சாமியார்பேட்டை மணலில் தடத்தை அளப்பது இப்போது பள்ளிக்கூடத்தில் படிக்கிற யாராவது ஒருவராக இருக்கும்.