பெட்டியில் வராத கப்பல்

இந்த எபிசோடைக் கேட்டுக்கிட்டே ஒரு சின்ன வேலை பண்ணுங்க. ஏதாவது ஒரு ஆன்லைன் கடையில ‘மரக் கப்பல் மாடல் கிட்’ என்று தேடுங்க. இங்கிலாந்தின் விக்டரி வரும், கட்டி சார்க் வரும், ஸ்வீடனின் வாசா வரும், அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் நாலைந்து கம்பெனி பேர்ல வரும். இன்னும் கீழே போனால் சீன ஜங்க், அரபு டவ் எல்லாம் கூட வரும். நான் தேடினவரைக்கும் ஒரு தோணி வரவில்லை. கடலூரிலோ நாகப்பட்டினத்திலோ வல்வெட்டித்துறையிலோ கட்டின ஒரு பாய்மரக் கப்பல்கூட பெட்டியில் வரவில்லை.

ஆயிரம் வருஷமா கடலோடின ஜனம்னு மேடைக்கு மேடை பேசுறோம். அந்தக் கப்பல் ஒன்றை மேசை மேல கட்டிப் பார்க்கணும்னா ஏன் வழியில்லை? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

முதல்ல கிட்னா என்ன என்று தெரியணும். நான் இப்போ கட்டிக்கிட்டு இருக்கிறது கான்ஸ்டிடியூஷன். 1797ல் பாஸ்டனில் தண்ணீரில் இறங்கின போர்க்கப்பல், இன்னும் அதே ஊரில் மிதக்கிறது. என் மாடல் 1:93 அளவு. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தையும் சேர்த்தால் சுமார் 1 மீட்டர் நீளம். ஆரணியில் எங்க வீட்டுத் தறிக்கூடத்தில் ஒரு தறி ஓடாமல் கிடக்கிறது, அதுக்குப் பக்கத்துல மேசை போட்டிருக்கேன். கடலுக்கும் எங்க ஊருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கமண்டல நாகநதியில தண்ணி வந்தாலே அது செய்தி.

பெட்டியைத் திறந்தா முதல்ல கையில வர்றது மரம் இல்லை, காகிதம். பெரிய பெரிய வரைபடங்கள். கப்பலைப் பக்கவாட்டில், மேலிருந்து, அப்புறம் ரொட்டி மாதிரி குறுக்கே வெட்டி, ஒவ்வொரு துண்டும் எப்படி இருக்கும் என்று வரைந்திருப்பார்கள். அந்தக் குறுக்குத் துண்டுகள்தான் லேசரில் வெட்டின பிளைவுட்டாக வருகின்றன. நீள முதுகெலும்பு ஒன்று. நம்ம கடற்கரையில் அதற்குப் பேர் ஏரா. ஏராவில் துண்டுகளைச் சொருகினால் மீன் முள் மாதிரி ஒரு எலும்புக்கூடு நிற்கும். அதன்மேல் சில மில்லிமீட்டர் அகலமுள்ள மரப்பட்டைகளைத் தண்ணீரில் ஊறவைத்து, வளைத்து, ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். முன்பக்கம் குறுகும், நடுவில் அகலும், அதனால ஒவ்வொரு பட்டையையும் சீவித்தான் பொருத்தணும். இது மட்டும் மாசக்கணக்கில் போகும்.

அப்புறம் கயிறு. மூன்று பாய்மரத்துக்கும் ரெண்டு பக்கமும் ஏணி மாதிரி கயிறுகள், ஒவ்வொரு குறுக்குக் கயிறுக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு முடிச்சு. பட்டு நூல்தான் வீட்டுல கொட்டிக் கிடக்கே என்று கேட்பீங்க. பட்டு பளபளக்கும், கப்பல் கயிறு பளபளக்கக் கூடாது. பருத்தி நூலில் தேன்மெழுகு தடவினால்தான் சரியா வருது. எங்க தெருவில் பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்க்கும் பெரியவர் ஒருத்தர் வந்து பார்த்தார். “இன்னாப்பா, இவ்ளோதானா இழை? ஒரு பாவுக்கு ஆயிரக்கணக்குல சேக்கறோம்”னு சொல்லிட்டுப் போயிட்டார். அத்தோட என் அலட்டல் முடிஞ்சது.

சரி, கதைக்கு வருவோம். கான்ஸ்டிடியூஷன் கட்டுறவங்க எல்லாருக்கும் அதன் 1812 சண்டைகள் தெரியும். அதில் ஒன்றுக்கு நம்ம பக்கத்தோடு தொடர்பு இருக்கு. 1812 டிசம்பர் 29, பிரேசில் கரைக்கு அப்பால், கான்ஸ்டிடியூஷனும் ஜாவா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலும் மோதிக்கொண்டன. ஜாவா இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த கப்பல். பம்பாய்க்கு கவர்னராகப் போகவேண்டியவர் அதில் இருந்தார். பம்பாயில் கட்டவிருந்த ஒரு புதுப் போர்க்கப்பலின் வரைபடங்களும் அதில் இருந்தன. ஜாவா தோற்றது. இழுத்துக்கொண்டு போக முடியாத அளவுக்கு நொறுங்கிவிட்டதால் அமெரிக்கர்கள் அதைக் கொளுத்திவிட்டார்கள். அதற்கு முன்னால் சுக்கான் சக்கரத்தை மட்டும் கழற்றி, குண்டடி பட்டுப் போயிருந்த தங்கள் சக்கரத்துக்குப் பதிலாக மாட்டிக்கொண்டார்கள்.

வரைபடம் போச்சு. இப்போ பம்பாயில் என்ன பண்ணுவாங்க? அங்கே இருந்தவர் ஜாம்ஷெட்ஜி பொமான்ஜி வாடியா. கப்பல் கட்டுறதில் அந்தக் காலத்தில் உலகத்திலேயே பெரிய கைகளில் ஒருவர். லண்டனிலிருந்து இன்னொரு பிரதி வரும்வரை காத்திருந்தார்கள். வந்தது. 1816ல் வேலை தொடங்கி, 1817 அக்டோபர் 12ல் கப்பல் தண்ணீரில் இறங்கியது. மலபார் தேக்கு. பேர் ட்ரிங்கோமலி, அதாவது நம்ம திருகோணமலை. இன்றைக்கும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

என் வேலையில இதைத்தான் பேக்கப்னு சொல்லுவோம். ஒரு பிரதி நடுக்கடலில் எரிந்தாலும் இன்னொன்று லண்டன் அலமாரியில் இருக்கு. கப்பல் போனாலும் கப்பலைப் பற்றின தகவல் போகாது.

மாடலே பேக்கப்பா வேலை செய்த கதையும் உண்டு. 1812ல் கான்ஸ்டிடியூஷனின் மாலுமிகள் தங்கள் கேப்டன் ஐசக் ஹல்லுக்கு அந்தக் கப்பலின் மாடல் ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். அவர் மறு வருஷம் அதை சேலத்தில் இருந்த ‘கிழக்கிந்தியக் கடற்சங்கம்’ என்ற அமைப்புக்குக் கொடுத்தார். நம்ம சேலம் இல்லைங்க, மாம்பழம் தேடாதீங்க. மாசசூசெட்ஸ் மாநிலத்துத் துறைமுகம். இந்தியாவோடும் கிழக்கோடும் வியாபாரம் செய்து பணக்காரர்களான கப்பல்காரர்களின் சங்கம் அது. அந்த மாடல் இன்னும் அதே ஊர் மியூசியத்தில் இருக்கிறது. பின்னாளில் கப்பலைப் பழுது பார்த்தவர்கள், 1812ல் அது எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள அந்த மாடலைத்தான் போய்ப் பார்த்தார்கள். சாமான்ய மாலுமிகள் செய்த பொம்மை, அசல் கப்பலுக்கே சாட்சி சொன்னது.

இப்போ நம்ம கரைக்கு வருவோம். இங்கே ஓடாவிகள் காகிதத்தில் வரையவில்லை. அதனால் கணக்கு இல்லை என்று நினைச்சிடாதீங்க. கணக்கு வேற இடத்துல இருந்தது. கேரளத்தில் பேப்பூரில் உரு என்ற பெரிய மரக்கப்பலைக் கட்டும்போது முதலில் பலகைகளை ஒன்றோடொன்று சேர்த்து வெளிக்கூட்டை எழுப்புகிறார்கள். எலும்புகள் அப்புறம்தான் உள்ளே போகும். என் கிட்டுக்கு நேர் தலைகீழ். வளைவு மேஸ்திரியின் கண்ணில் இருக்கிறது. பாக் நீரிணை ஓரம் கட்டப்படும் வத்தை வேறு மாதிரி. அங்கே எலும்புதான் முதலில். நடுத் துண்டின் வடிவத்தை ஒரு பலகையில் கீறி வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் போகப் போக எவ்வளவு குறைய வேண்டும் என்பதை அந்தக் கீறல்களிலிருந்தே எடுப்பார்கள். ஷான் மெக்ரெய்ல், லூசி புளூ, எரிக் கென்ட்லி என்ற ஆய்வாளர்கள் 1990களில் வந்து இதை அளந்து எழுதினார்கள். ஒரு பலகையும் நாலு கோடும்தான் முழுக் கப்பலின் சோர்ஸ் கோட். அந்தப் பலகையைப் படிக்கத் தெரிந்தவர் இல்லைன்னா அது வெறும் விறகு.

எழுத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. ‘கப்பல் சாத்திரம்’ என்ற பழைய தமிழ் நூல் ஒன்று சுவடியில் இருந்தது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950ல் அச்சில் கொண்டுவந்தது. ஏராவுக்கு என்ன நீளம் வைக்கலாம், எது வைத்தால் நல்லது, எது வைத்தால் கேடு என்று போகும். மனையடி சாஸ்திரத்தைக் கடலுக்குக் கொண்டுபோன மாதிரி. ஆனால் அதை வைத்து மாடல் கட்ட முடியாது. அளவு இருக்கும், வளைவு இருக்காது.

நெசவு ஊர்க்காரங்களுக்கு இந்த வித்தியாசம் சட்டுனு புரியும். ஜக்கார்டு தறியில் சேலை டிசைனைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, அதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். துளை இருந்தால் இழை தூக்கும், இல்லையென்றால் தூக்காது. அந்த அட்டைக்கட்டு பரணில் இருக்கும்வரை, டிசைன் போட்டவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே பார்டரை மறுபடி நெய்யலாம். ஆனால் இழுத்து நெய்யும் கை எவ்வளவு அழுத்தம் கொடுக்கணும் என்பது அட்டையில் இல்லை. நம்ம கப்பல் விஷயத்தில் அட்டைக்கட்டே இல்லை, எல்லாமே கையில்தான் இருந்தது.

அந்தக் கைகளை வேடிக்கை பார்த்து வரைந்த ஒரு ஆள் வந்தார், அதுவும் பிரான்ஸிலிருந்து. பிரான்சுவா எட்மோன் பாரி, கடற்படை அதிகாரி. 1830களில் உலகம் சுற்றின கப்பல்களில் போய், நிற்கிற துறைமுகத்தில் எல்லாம் உள்ளூர்ப் படகுகளை அளந்து வரைந்தார். சோழமண்டலக் கரையும் அதில் உண்டு. கட்டுமரம், தோணி, அப்புறம் மசூலா என்று வெள்ளைக்காரர்கள் எழுதிய சலங்குப் படகு. நடுவில் ஓர் இயந்திர விபத்தில் அவருடைய இடது கை போனது. இருந்தும் 1840களின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள மக்களின் கப்பல் கட்டுமானம் பற்றிப் பெரிய புத்தகம் கொண்டுவந்தார். 1871லிருந்து 1893ல் சாகும்வரை பாரிஸ் கடற்படை மியூசியத்துக்குப் பொறுப்பாளராக இருந்து, தன் வரைபடங்களிலிருந்து மாடல்கள் செய்ய வைத்தார்.

சலங்கைப் பற்றி ஒரு நிமிஷம். மெட்ராஸில் செயற்கைத் துறைமுகம் வருவதற்கு முன்னால், கப்பலிலிருந்து கரைக்கு ஆளையும் சரக்கையும் கொண்டுவந்தது இதுதான். அலை அடிக்கிற அடியில் ஆணி அடித்த படகு பிளந்துவிடும். அதனால் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். உள்ளே விலா எலும்பே கிடையாது. அலையில் படகு நெளியும், உடையாது. மாடல் கட்டினால் பசையே வேண்டாம், ஊசி நூல் போதும். ஆரணிக்காரனுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. இதைக் கட்டணும்னா நான் ஒரு பிரெஞ்சு அதிகாரியின் படத்தைத்தான் பார்க்கணும். அதில் எனக்குக் கோபம் எல்லாம் இல்லை. அவர் வரையலைன்னா அதுவும் இருந்திருக்காது. ஆனா கொஞ்சம் உறுத்துது.

கடைசியா ஒரு கப்பல். பலருக்குத் தெரிந்த கதைதான். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் சுந்தரம் மேத்திரியார் 1930 வாக்கில் கட்டின அன்னபூரணி, 89 அடி நீளம். சிறிய பாய்மரப் படகில் உலகம் சுற்றி வந்த அமெரிக்கர் வில்லியம் ராபின்சன் அதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினார். மனைவி பேரில் ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று மாற்றினார். 1937ல் கிளம்பி, சூயஸ் வழியாக மத்தியதரைக் கடல், அட்லாண்டிக், பெர்முடா என்று போய், 1938 ஆகஸ்ட் 1ல் மாசசூசெட்ஸின் குளோஸ்டரில் நின்றது. அந்தப் பயணத்தில் தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை உட்பட ஐந்து வல்வெட்டித்துறைக்காரர்கள் இருந்தார்கள்.

வரைபடத்தில் குளோஸ்டரைப் பாருங்க. கொஞ்ச தூரத்தில்தான் அந்த இன்னொரு சேலம், ஹல்லின் மாடல் இருக்கிற ஊர். கூப்பிடு தூரம்னே சொல்லலாம். ஒரு கப்பலுக்கு மாடல், வரைபடம், மியூசியம், பழுது பார்க்க ஆள், உலகம் பூரா கிட். இன்னொரு கப்பலுக்குப் பேரும் சில போட்டோவும்.

கான்ஸ்டிடியூஷன் முடிஞ்சதும் அன்னபூரணியைத்தான் கிட் இல்லாமல் கட்டப் போறேன். 1:48 அளவுன்னா 56 சென்டிமீட்டர் சொச்சம். நீளம் கையில் இருக்கு. பாய்களின் அமைப்பைப் போட்டோவிலிருந்து ஓரளவு எடுக்கலாம். எடுக்க முடியாதது, தண்ணீருக்குக் கீழே இருக்கிற வயிற்றின் வளைவு. பக்கவாட்டில் எடுத்த எந்த போட்டோவும் அதைச் சொல்லாது. அந்த ஒரு நடுத் துண்டு கிடைச்சா மீதியைக் கணக்குப் போட்டுவிடலாம்.

அதனால ஒரு வேண்டுகோள். உங்க தாத்தா, மாமா யாராவது ஓடாவியாவோ மேத்திரியாராவோ இருந்திருந்தா, வல்வெட்டித்துறையோ கடலூரோ தூத்துக்குடியோ எந்தக் கரையா இருந்தாலும், வீட்டுப் பரண்ல, கொட்டகைல கோடு கீறின பழைய பலகை ஏதாவது கிடக்குதான்னு பாருங்க. கிடைச்சா கழுவாதீங்க, பாலிஷ் போடாதீங்க. பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு, நேரா மேலிருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க.