பேலும் சீட்டும்: அளவுகோல் தேடும் இரு வழிகள்

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளரின் மன அழுத்தத்தை ஆராயப் புகும் கோவை மாணவருக்கு முதல் கேள்வி, எதைக் கொண்டு அளப்பது என்பதே. விடைக்காக அவர் திறக்கக்கூடிய இரு கதவுகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒன்று, நெப்ராஸ்காவின் புரோஸ் மையம் வெளியிடும் 'மென்டல் மெஷர்மென்ட்ஸ் இயர்புக்'. மற்றொன்று, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் மின்களஞ்சியமான நம் ஷோத்கங்கா.

இயர்புக்கில் ஒரு சோதனையைப் பெரும்பாலும் இருவர் தனித்தனியே மதிப்பிடுகிறார்கள். ஒருவர் மெச்சியதை மற்றவர் சாடுவதும் உண்டு. ஆனால் எத்தனை பக்கம் புரட்டினாலும் அந்தச் சோதனையின் வினாக்கள் கிடைப்பதில்லை. ஷோத்கங்காவிலோ பின்னிணைப்புக் கோப்பில் பல வேளைகளில் வினாநிரல் முழுதாகவே இருக்கும், சிலவற்றில் தமிழ் வடிவத்தோடும். ஆனால் அது தேறுமா என்று சொல்ல அங்கே ஆளில்லை. மில்காரர் மொழியில் சொன்னால், ஒருவர் கையில் சோதனைச் சீட்டு, இன்னொருவர் கையில் பஞ்சுப் பேல்.

இந்த எதிரெதிர்த் தன்மைக்கு அடியில் ஓர் உறவு இருக்கிறது. சோதனை விற்போரின் வாய்ச்சொல்லை நம்பாத ஆஸ்கார் புரோஸ், 1938இல் முதல் இயர்புக்கைக் கொண்டுவந்தார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகள், முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைக்கச் சொல்லி, பீரோவில் உறங்கியவற்றைப் பொதுப் பார்வைக்குக் கொண்டுவந்தன. புரோஸ் அடுத்தவர் சரக்கை வெளிச்சத்தில் வைத்தார். மானியக் குழு சொந்த வீட்டுச் சரக்கை வைத்தது. நாலு பேர் பார்த்தால் தரம் கூடும் என்பதே இரண்டுக்கும் நம்பிக்கை.

இரண்டும் தடுமாறுவதும் ஒரே இடத்தில்தான்: தமிழில். ஆங்கிலத்தில் விற்பனைக்கு வந்த சோதனைகளையே இயர்புக் எடுத்துக்கொள்ளும். தமிழாக்கத்துக்கு அங்கே வாசல் இல்லை. ஷோத்கங்காவில் தமிழாக்கம் உள்ளே இருக்கிறது, ஆனால் வாசலில் அதன் பெயர் இல்லை. ஆய்வேட்டின் தலைப்பு, நெறியாளர், துறை என்றே பட்டியல் போகிறது. கருவியின் பெயரைத் தட்டினால் பெரும்பாலும் ஏமாற்றமே. பாரதியார் பல்கலைக்கழகம் அல்லது அவினாசிலிங்கம், பிறகு உளவியல் அல்லது சமூகப்பணி, பிறகு ஆய்வுமுறை இயல், கடைசியில் பின்னிணைப்பு என்று நடக்க வேண்டும். நீண்ட நடைதான், எனக்கு அது பிடிக்கும்.

காரணம், அந்த ஆய்வுமுறை இயல். நம்பகத்தன்மையைக் காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா என்ற எண் கருவிக்கு நிரந்தரமாக ஒட்டிய முத்திரையன்று. விடையளித்த மனிதர்களைப் பொறுத்து மாறுவது. அமெரிக்கக் கல்லூரி மாணவரிடம் கிடைத்த 0.85 அவினாசி சாலை மில் தொழிலாளரிடமும் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. இங்குள்ளவர்களிடம் கிடைத்த எண் எங்கேனும் இருக்குமானால், அது இப்படிப்பட்ட ஆய்வேட்டில்தான் இருக்கும். பேலுக்குள்ளேயே ஒரு சிறு சீட்டு! ஆயினும் எழுதியவர் தாமே தமக்குக் கொடுத்த சீட்டு அது. மொழிபெயர்ப்பை யார் சரிபார்த்தார்கள் என்பதும் சில ஏடுகளில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

ஆகவே முதலில் இயர்புக் என்பேன், நம் கருவி அதில் இல்லாவிட்டாலும். என்னென்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதை அந்த மதிப்புரைகளே பழக்கும். அதன்பின் பின்னிணைப்பைத் திறக்கலாம். அனுமதி கேட்பதற்கு, கருவி இயர்புக்கில் இருந்தால் அதுவே வெளியீட்டாளர் பெயரைத் தந்துவிடும். ஆய்வேட்டில் அதைத் துணைநூற்பட்டியலில் துழாவ வேண்டும். வினாநிரல் கண்ணில் பட்டதாலேயே பயன்படுத்தும் உரிமை வந்துவிடாது. அனுமதிக் கடிதம் கருவியை ஆக்கியவருக்கோ பதிப்பகத்துக்கோ போக வேண்டும். தமிழ் வடிவத்தையும் எடுப்பதானால், அதை ஆக்கியவருக்கு இன்னொன்று.