வீரபாண்டிய கட்டபொம்மன் (1959): விமர்சகர், பார்வையாளர், வரலாற்றாளர் கருத்துகள்

வீரபாண்டிய கட்டபொம்மன் 1959 மே 16 அன்று தமிழகத் திரையரங்குகளில் வெளியான வரலாற்றுப் போர்த் திரைப்படம். பத்மினி பிக்சர்ஸ் சார்பில் பி. ஆர். பந்துலு தயாரித்து இயக்கிய இப்படத்தில் கட்டபொம்மனாக சிவாஜி கணேசன் நடித்தார். பார்வையாளர் இதைக் கொண்டாடினர். விமர்சகர் பாராட்டினர், குறையும் கண்டனர். வரலாற்றாளர் சிலர் இதன் அடிப்படையையே கேள்விக்கு உட்படுத்தினர். இந்த மூன்று தரப்பாரின் கருத்துகளையும் அவை எழுந்த காரணங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மேடையிலிருந்து திரைக்கு

படத்துக்கு முன்பே இக்கதை நாடகமாக வெற்றி பெற்றிருந்தது. சக்தி டி. கே. கிருஷ்ணசாமி எழுதிய நாடகத்தை சிவாஜி நாடக மன்றம் 1957 ஆகஸ்ட் மாதம் சேலத்தில் முதன்முதலாக அரங்கேற்றியது. பின்னர் அது நூறு முறைக்கு மேல் மேடையேறியது. திரைக்கும் அவரே வசனம் எழுதினார். கட்டபொம்மன் குறித்து நூல் எழுதியவரும் தமிழரசுக் கழகத்தின் நிறுவனருமான ம. பொ. சிவஞானம் வரலாற்று ஆலோசனை வழங்கினார். இசை ஜி. ராமநாதன். ஜெமினி கணேசன் வெள்ளையத்தேவனாகவும், பத்மினி வெள்ளையம்மாளாகவும், எஸ். வரலட்சுமி கட்டபொம்மனின் மனைவி ஜக்கம்மாவாகவும், வி. கே. ராமசாமி எட்டப்பனாகவும், ஜாவர் சீதாராமன் பானர்மேனாகவும் நடித்தனர்.

கேவா கலரில் எடுக்கப்பட்ட படம் லண்டனில் டெக்னிக்கலர் பிரதிகளாக அச்சிடப்பட்டது. வெளிப்புறக் காட்சிகளில் ஒரு பகுதி ஜெய்ப்பூரில் படமாக்கப்பட்டது. கறுப்பு வெள்ளைப் படங்களே வழக்கமாக இருந்த காலத்தில் கோட்டையும் குதிரைப்படையும் பீரங்கிகளும் வண்ணத்தில் தெரிந்தது மக்களுக்குப் புதிய அனுபவமாக இருந்தது.

பார்வையாளர் வரவேற்பு

படம் 25 வாரங்களுக்கு மேல் ஓடி வெள்ளிவிழாக் கண்டது. விடுதலை பெற்று 12 ஆண்டுகளே ஆகியிருந்த நேரம் அது. திரையரங்கில் அமர்ந்திருந்த பெரியவர்கள் வெள்ளையர் ஆட்சியில் வளர்ந்தவர்கள். கலெக்டர் ஜாக்சனிடம் கட்டபொம்மன் வரி கேட்கும் உரிமை பற்றி நேருக்கு நேர் வாதிடும் காட்சி, அவர்கள் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் போனதை அவர்களுக்காகச் சொல்லியது. கைதட்டலுக்கு நடிப்பு ஒரு காரணம் என்றால், இந்த மனநிலை மற்றொரு காரணம்.

அந்த வசனம் திரையரங்கோடு நிற்கவில்லை. கதை வசன இசைத்தட்டுகள் திருமண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் ஒலிபெருக்கி வழியே ஊர் முழுவதும் கேட்டன. படத்தைப் பாராதவர்களுக்கும் அது மனப்பாடமாயிற்று. பள்ளி ஆண்டு விழாக்களில் ஒட்டுமீசையும் அட்டை வாளுமாக ஒரு மாணவன் கட்டபொம்மனாகத் தோன்றுவது தலைமுறைகளாகத் தொடரும் வழக்கம்.

வெளிநாட்டிலும் படத்துக்குச் சிறப்புக் கிடைத்தது. 1960இல் கெய்ரோவில் நடைபெற்ற ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த படம், சிறந்த நடிகர், சிறந்த இசையமைப்பாளர் ஆகிய விருதுகளை இப்படம் பெற்றது. எகிப்து 1956இல்தான் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கி, பிரிட்டன், பிரான்சு, இஸ்ரேல் படைகளை எதிர்கொண்டிருந்தது. அந்த நாட்டில் இப்படத்தின் பொருள் எளிதில் விளங்கியிருக்கும்.

விமர்சகர் கருத்துகள்

வண்ணம், பிரம்மாண்டம், சிவாஜியின் நடிப்பு ஆகிய மூன்றும் பாராட்டுப் பெற்றன. குறையாகச் சொல்லப்பட்டவை பெரும்பாலும் படத்தின் நாடகத் தன்மை பற்றியவை. பாத்திரங்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் அவையை நோக்கி முழங்குகின்றன. போர்க்களத்திலும் வாளைவிட வசனமே முன்னால் நிற்கிறது என்பது அந்த விமர்சனம். தமிழ்த் திரைப்படத்தில் காட்சியைவிடச் சொல்லுக்கே முதன்மை என்று தியடோர் பாஸ்கரன் போன்ற ஆய்வாளர்கள் பொதுவாகச் சுட்டியிருப்பது இப்படத்துக்கும் பொருந்தும்.

சிவாஜியின் நடிப்பைப் பற்றி இன்றும் இரு கருத்துகள் உண்டு. அது மிகை நடிப்பு என்பது ஒன்று. தெருக்கூத்திலும் நாடக மேடையிலும் அரசன் பேசும் முறை அதுவே, அந்த மரபில் வைத்துத்தான் அதை அளக்க வேண்டும் என்பது மற்றொன்று. கதைப்பாடல்களிலும் கட்டபொம்மன் உரக்கப் பேசும் வீரனே. நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடலைப் படிப்போர் இந்த ஒற்றுமையைக் காணலாம். அவ்வகையில் படம் நாட்டார் மரபின் தொடர்ச்சி எனலாம்.

வரலாற்றாளர் மறுப்பு

கடுமையான எதிர்ப்பு வரலாற்றின் பெயரால் வந்தது. ‘கல்கண்டு’ ஆசிரியர் தமிழ்வாணன் ‘கட்டபொம்மன் கொள்ளைக்காரன்’ என்ற நூலையே எழுதினார். பாளையக்காரர்களைக் கொள்ளையராகக் காட்டும் கம்பெனி ஆவணங்களின் பார்வைக்கு நெருக்கமானது அவர் நிலை. ம. பொ. சி. தரப்பு கட்டபொம்மனை விடுதலைப் போரின் முன்னோடியாகக் கண்டது. இரு தரப்பும் வாதிட்டது ஒரே மனிதரைப் பற்றியே.

ஆவணங்கள் காட்டும் செய்திகளைப் படத்தோடு ஒப்பிட்டால் சில வேறுபாடுகள் தெளிவாகும்.

முதலாவது, வரி. படத்தில் கட்டபொம்மன் வரி கட்ட மறுக்கும் வீரர். ஆவணங்களின்படி 1798 மே இறுதியில் அவர் செலுத்த வேண்டியிருந்த நிலுவை 3310 பகோடா. கலெக்டரைச் சந்திப்பதற்குள் பெரும்பகுதியைச் செலுத்திவிட்டார். 1080 பகோடாவே மீதியிருந்தது. ஜாக்சன் அவரைப் பல ஊர்களுக்கு அலையவைத்து, 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் சந்தித்தபோது நெடுநேரம் நிற்க வைத்தார். அங்கு எழுந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். அமைச்சர் சிவசுப்பிரமணியனார் சிறைப்பட்டார். பின்னர் கம்பெனியே விசாரணைக் குழு அமைத்து, அமைச்சரை விடுவித்து, ஜாக்சனைப் பதவியிலிருந்து நீக்கியது. ஆகவே சந்திப்பும் மோதலும் உண்மை. ஆனால் அதன் வேர் வரி மறுப்பைவிட அவமதிப்பில்தான் இருந்தது.

இரண்டாவது, எட்டப்பன். படத்தில் அவர் ஒருவரே துரோகத்தின் உருவம். எட்டப்பன் என்பது எட்டயபுரம் பாளையக்காரர்களின் பட்டப்பெயர். பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் அருங்குளம், சுப்பலாபுரம் ஊர்கள் தொடர்பாக எல்லைத் தகராறு முன்பே இருந்தது. கட்டபொம்மனைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். கம்பெனிக்குத் துணை நின்ற பாளையங்கள் வேறும் உண்டு. ஆயினும் பழி முழுவதும் ஒரு பெயரின்மேல் விழுந்தது. காட்டிக்கொடுப்பவனுக்கு ‘எட்டப்பன்’ என்பது தமிழில் வசைச்சொல்லாக நிலைத்ததில் இப்படத்துக்குப் பெரும்பங்கு உண்டு. பாரதியார் பிறந்த ஊரின் மக்கள் செய்யாத குற்றத்துக்காக அந்த வசையைச் சுமக்க நேர்ந்தது.

மூன்றாவது, கயத்தாறு. படத்தில் தூக்கிலிடப்படுமுன் கட்டபொம்மன் பானர்மேனுடன் நீண்ட வாதம் புரிகிறார். 1799 அக்டோபரில் நடந்த அந்நிகழ்வைப் பற்றி பானர்மேனே மேலிடத்துக்கு எழுதிய கடிதம் உள்ளது. கால்டுவெல் தம் திருநெல்வேலி வரலாற்று நூலில் (1881) அதைக் காட்டுகிறார். கட்டபொம்மன் சற்றும் அஞ்சாமல் நின்றதாகவும், எட்டயபுரம், சிவகிரிப் பாளையக்காரர்களை அடிக்கடி வெறுப்போடு நோக்கியதாகவும், தூக்குமேடைக்கு உறுதியான நடையில் சென்றதாகவும் அக்கடிதம் கூறுகிறது. நீண்ட வசனம் அதில் இல்லை. ஆனால் தூக்கிலிட்டவரே ஒப்புக்கொண்ட அஞ்சாமை இருக்கிறது. படம் உரக்கச் சொன்னதைக் கடிதம் ஒரு பார்வையில் சொல்லிவிடுகிறது.

கட்டபொம்மனின் முன்னோர் தெலுங்கு பேசும் இராஜகம்பளத்தார் மரபினர் என்பதும், செந்தமிழ் வசனம் அவருக்கு எப்படிப் பொருந்தும் என்ற கேள்வியும் அவ்வப்போது எழுப்பப்படுகின்றன. தலைமுறைகளாகத் தமிழ் மண்ணில் ஆண்ட குடியை மக்கள் தம்மவராகவே கொண்டனர் என்பது அதற்குத் தரப்படும் மறுமொழி.

சிவகங்கைச் சீமை

இப்படம் வெளியான மூன்றாம் நாள், 1959 மே 19 அன்று, கண்ணதாசன் தயாரித்து எழுதிய ‘சிவகங்கைச் சீமை’ வெளிவந்தது. கே. சங்கர் இயக்க, எஸ். எஸ். ராஜேந்திரன் நடித்த அப்படம் மருது சகோதரர்களின் வரலாற்றைக் கூறியது. பாடல்களும் வசனமும் பாராட்டப்பட்டும் வசூலில் அது தோற்றது. வண்ணப் படத்தின் எதிரே கறுப்பு வெள்ளைப் படம் நிற்க முடியவில்லை.

வரலாற்றில் இவ்விரண்டும் ஒரே கதையின் இரு பகுதிகள். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினார். கம்பெனிப் படை அதைக் கைப்பற்ற அவ்வாண்டு மே மாதம் வரை போரிட வேண்டியிருந்தது. பின்னர் அவருக்கு மருதிருவர் அடைக்கலம் தந்தனர். 1801 அக்டோபர் 24 அன்று மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். 1799ஐவிடப் பெரிய எழுச்சி 1801இல் நடந்தது என்பதை கே. ராஜய்யன் தம் ஆய்வில் நிறுவினார். எனினும் பொதுமக்கள் நினைவில் முந்தியதே ஆழப் பதிந்தது. அதற்கு ஒரு காரணம் 1959 மே மாத வசூல் கணக்கு.

நினைவை உருவாக்கிய படம்

படத்துக்குப் பின் கட்டபொம்மனின் முகம் மக்களுக்கு சிவாஜியின் முகமாயிற்று. கயத்தாறில் சிவாஜி தம் செலவில் இடம் வாங்கிச் சிலை நிறுவினார். 1974இல் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக்கோட்டை எழுப்பியது. 1999 அக்டோபர் 16 அன்று, இருநூறாம் நினைவாண்டில், அஞ்சல்தலை வெளியானது. 2015இல் படம் டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தபோது தாத்தாவும் பேரனும் சேர்ந்து பார்த்தனர்.

திரைப்படம் வரலாற்றை முந்துவது தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஐசன்ஸ்டைனின் ‘பேட்டில்ஷிப் பொட்டெம்கின்’ (1925) படத்தில் வரும் ஒதெஸா படிக்கட்டுப் படுகொலை, காட்டப்பட்ட அவ்விதத்தில் நிகழவில்லை. ஆயினும் உலகம் அதையே நினைவில் வைத்துள்ளது.

இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்கலாம். இன்று கார், கைப்பேசித் தொழிற்சாலைகளால் அறியப்படும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிக்கு மேற்கே, காஞ்சிபுரத்தை அடுத்துள்ளது புள்ளலூர். 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலி, திப்பு ஆகியோரின் படை அங்குக் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை முற்றாக முறியடித்தது. அவ்வெற்றி ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பெரிய ஓவியமாக உள்ளது. ஆனால் அதற்கு இப்படி ஒரு தமிழ்ப் படம் வாய்க்கவில்லை. அப்பகுதி மாணவருக்கும் தம் ஊருக்கு அருகில் நடந்த போரைவிடத் தொலைவிலுள்ள பாஞ்சாலங்குறிச்சியே நன்கு தெரிந்திருக்கும்.

மதிப்பீடு

1799இல் என்ன நடந்தது என்பதற்கு இப்படத்தைச் சான்றாகக் கொள்ள இயலாது. அதற்குக் கம்பெனிக் கடிதங்களும் கதைப்பாடல்களும் உள்ளன. அவற்றையும் யார் எழுதியது, யார் பாடியது என்று கேட்டே படிக்க வேண்டும். ஆனால் புதிதாக விடுதலை பெற்ற ஒரு மக்கள் தம் முன்னோரை எவ்வாறு காண விரும்பினர் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று குறைவு. படத்தை ரசித்த பார்வையாளரும் மறுத்த வரலாற்றாளரும் தத்தம் கேள்விக்குச் சரியான விடையையே சொன்னார்கள். மாணவர் இரண்டையும் கற்கலாம்: கட்டபொம்மன் வசனத்தை மேடையில் முழங்கலாம், எட்டப்பன் என்று ஒருவரைத் திட்டுமுன் சற்று நிறுத்திக் கொள்ளலாம்.